ரங்கா டயஸ் விவகாரம்: மூன்று விசாரணைகளில் தப்பியது நான்காவதில் எப்படிச் சிக்கியது?

எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "அறை வெப்பநிலை மீக்கடத்தியைக் கண்டுபிடித்துவிட்டதாக ரங்கா டயஸ் எழுதிய கட்டுரை 'நேச்சர்' இதழில் இரண்டு முறை வந்தது, இரண்டு முறையும் திரும்பப் பெறப்பட்டது. நிபுணர்கள் படித்துப் பார்த்துத்தானே வெளியிடுகிறார்கள்? அவர்களையே ஏமாற்றலாம் என்றால் எந்தக் கட்டுரையைத்தான் நம்புவது? இந்தத் துறையில் பிஎச்.டி. சேரலாமா?"

கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். மீக்கடத்தி என்றால் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்; வழக்கமாகக் கடுங்குளிரில்தான் அப்படிக் கடத்தும். இந்த விவகாரம் பேசப்படும் இடத்திலெல்லாம் 'நேச்சர்' இதழுக்கும் அதன் மதிப்பாய்வாளர்களுக்கும்தான் திட்டு விழுகிறது. இதழின் மீது தவறே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய ஓட்டை இருந்தது பல்கலைக்கழகத்தில். புகார் வந்தபோது, டயஸ் வேலை பார்த்த அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் தன் ஆளைத் தானே விசாரித்தது, மூன்று முறையும் முகாந்திரம் இல்லை என்று கோப்பை மூடியது. பிறகு புகார்களை வெளியாட்கள் எடுத்துப் பார்த்தபோது 16 குற்றச்சாட்டுகளிலும் முறைகேட்டுக்கே வாய்ப்பு அதிகம் என்று முடிவு வந்தது. இடையில் என்ன மாறியது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கதையைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டயஸ் இலங்கையில் பிறந்தவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம், 2013இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. அதன்பிறகு ஹார்வர்டில் ஐசக் சில்வேராவின் ஆய்வகம். அங்கிருந்து 2017இல், ஹைட்ரஜனை நசுக்கி உலோகமாக்கிவிட்டோம் என்று 'சயின்ஸ்' இதழில் கட்டுரை. அழுத்தம் கொடுக்கப் பயன்பட்ட வைரம் உடைந்து அந்த மாதிரி காணாமலே போனது. அந்தப் புகழோடு ரோசெஸ்டரில் வேலை. 2020 அக்டோபரில் 'நேச்சர்' அட்டையைப் பிடித்த செய்தி: கார்பன், கந்தகம், ஹைட்ரஜன் சேர்ந்த ஒரு பொருள் 267 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில், ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸில் மீக்கடத்தியாகிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல 26 லட்சம் மடங்கு அது. 2022 செப்டம்பரில் அந்தக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2023 மார்ச்சில் அதே இதழில் அடுத்தது: நைட்ரஜன் கலந்த லூட்டீசியம் ஹைட்ரைடு, 21 டிகிரி செல்சியஸ், அழுத்தமோ வெறும் 1 ஜிகாபாஸ்கல். அழுத்த அழுத்த நீலம் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவப்பாகிறது என்பதால் அதற்கு 'ரெட்மேட்டர்' என்று சினிமாப் பெயர் வேறு. லாஸ் வேகாஸில் அவர் பேசிய அரங்கில் நிற்க இடமில்லை. அந்தக் கட்டுரையும் 2023 நவம்பரில் போய்விட்டது. நடுவில், அந்த ஆண்டு ஆகஸ்டில், 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழ் மாங்கனீசு டைசல்ஃபைடு பற்றிய அவருடைய இன்னொரு கட்டுரையைத் திரும்பப் பெற்றிருந்தது.

துறையே பொய் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஹைட்ரஜன் நிறைந்த சேர்மங்களை (ஹைட்ரைடுகளை) நசுக்கினால் உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்துத்திறன் வரும் என்பதை ஜெர்மனியின் மைன்ஸில் மிகைல் எரெமெட்ஸ் குழு 2015இல் காட்டியது: ஹைட்ரஜன் சல்ஃபைடில் 203 கெல்வின், அதாவது சுமார் மைனஸ் 70 டிகிரி செல்சியஸ். 2019இல் லாந்தனம் ஹைட்ரைடில் சுமார் 250 கெல்வின், அதாவது மைனஸ் 23 டிகிரி. வேறு குழுக்களும் இவற்றைச் செய்து பார்த்திருக்கின்றன. டயஸின் கூற்று அந்த வரிசையில் அடுத்த படி போலத்தான் இருந்தது. நம்பும்படி இருந்ததற்கு அதுவே பாதிக் காரணம்.

சரி, மதிப்பாய்வாளர் ஏன் பிடிக்கவில்லை? பிடிக்க வேண்டிய இடம் அவர் கையில் இல்லை. இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு வைரங்களின் முனைகளைத் தட்டையாக இழைத்து எதிரெதிரே வைக்கிறார்கள். நடுவே ஒரு உலோகத் தகடு, அதில் ஒரு துளை, துளைக்குள் மாதிரி. 267 ஜிகாபாஸ்கல் வேண்டும் என்றால் அந்த மாதிரி சில பத்து மைக்ரான் அகலம்தான் இருக்க முடியும், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. மீக்கடத்தி என்று நிறுவ இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று, மின்தடை சுழியாக வேண்டும். இரண்டு, பொருள் காந்தப்புலத்தைத் தன் உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். இரண்டாவதுதான் பாடாய்ப் படுத்தும். மாதிரியைச் சுற்றிச் சுருள் வைத்து மின்னழுத்தத்தை அளந்தால், வருவதில் பெரும்பகுதி உலோகத் தகடும் கருவியும் தருவது. மாதிரியின் பங்கு நானோவோல்ட் கணக்கில். எனவே 'பின்னணி' என்ற ஒரு வளைவைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். கழித்தபின் மிஞ்சும் சின்ன வளைவைத்தான் கட்டுரையில் படமாகப் போடுகிறார்கள். மதிப்பாய்வாளரும் அதைத்தான் பார்க்கிறார். எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று அவருக்கு யாரும் காட்டுவதில்லை, அவரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

கேட்டவர் ஹோர்ஹே ஹிர்ஷ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக் கோட்பாட்டு இயற்பியலர். நம் ஊரில் பதவி உயர்வுக்குப் படிவம் நிரப்புகிறவர்கள் எல்லோரும் 'எச்-இண்டெக்ஸ் எவ்வளவு' என்று எழுதுகிறார்களே (ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதன் அளவுகோல்), அதை 2005இல் கண்டுபிடித்தவர் இவர்தான். சும்மா இருக்கிற ஆள் இல்லை. மீக்கடத்துத்திறனை விளக்கும் ஏற்கப்பட்ட கோட்பாடே தவறு என்பது அவர் கட்சி. ஆகவே டயஸைக் குறைசொன்னபோது, "இவர் எதைத்தான் ஒப்புக்கொண்டார்" என்று பலர் கண்டுகொள்ளவில்லை. மூலத்தரவைக் கொடுங்கள் என்று அவர் விடாமல் கேட்டார். கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆனது, 2021 டிசம்பரில்தான் வந்தது. காரசாரமாக எழுதுகிறார் என்று, மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகளை ஏற்றும் தளமான ஆர்க்கைவ் அவரைக் கொஞ்ச காலம் தடைகூடச் செய்தது.

தரவு வந்தபின் ஜெனிவாப் பல்கலைக்கழக இயற்பியலர் டிர்க் வான் டெர் மாரெலும் ஹிர்ஷும் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். ஒரு அழுத்தத்தில் எடுத்த காந்த அளவீட்டை எடுத்துக்கொண்டார்கள். வெளியான வளைவை இரண்டாகப் பிரிக்க முடிந்தது: ஒன்று, இரைச்சலே (எந்த அளவீட்டிலும் தற்செயலாக வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம்) இல்லாத வழவழப்பான கோடு. மற்றது, படிக்கட்டு. ஒவ்வொரு படியின் உயரமும் 0.16555 நானோவோல்ட்டின் முழு மடங்கு. அளவிடும் கருவி இலக்கங்களை முழுமையாக்கும்போது படிகள் வருவது உண்டு. ஆனால் அப்படிப்பட்ட அளவீட்டிலிருந்து இன்னொரு உண்மையான அளவீட்டைக் கழித்தால், அதனுடைய இரைச்சலும் சேர்ந்து படிகள் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. வழவழப்பான கோடு எங்கிருந்து வந்தது? கேள்வி எழுந்தபின், பின்னணியைத் தாங்களே வரையறுத்துக்கொண்டதாக டயஸ் தரப்பு விளக்கம் சொன்னது. கட்டுரையில் அப்படி எழுதியிருக்கவில்லை. இதழ் திரும்பப் பெற்றபோது சொன்ன காரணமும் இதைச் சுற்றித்தான்: பின்னணியைக் கழித்த முறை வழக்கத்தில் இல்லாதது, கட்டுரையில் விளக்கப்படாதது.

இன்னொரு கண் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹாம்லின். டயஸின் பிஎச்.டி. ஆய்வேட்டைப் புரட்டியவர், தன்னுடைய 2007ஆம் ஆண்டு ஆய்வேட்டின் பத்திகள் அப்படியே அதில் இருப்பதைப் பார்த்தார். பத்தியைத் திருடுவது ஒரு ரகம். அவர் அடுத்துக் கண்டது வேறு ரகம். மாங்கனீசு டைசல்ஃபைடு கட்டுரையில் இருந்த மின்தடை வளைவு, டயஸின் ஆய்வேட்டில் ஜெர்மானியம் செலினைடு என்ற வேறொரு பொருளுக்குப் போட்டிருந்த வளைவோடு பொருந்தியது. 2002இல் பெல் ஆய்வகத்தின் யான் ஹென்ட்ரிக் ஷோன் சிக்கியதும் இதே வழியில்தான். வெவ்வேறு சோதனை என்று சொன்ன படங்களில் ஒரே இரைச்சல். வளைவின் போக்கு ஒத்துப்போகலாம், இரைச்சல் ஒத்துப்போகாது. பொய்த்தரவைத் தேடுகிறவர்கள் முதலில் இரைச்சலைப் பார்ப்பது அதனால்தான்.

இனி பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 2021, 2022 ஆண்டுகளில் ரோசெஸ்டர் மூன்று முதற்கட்ட விசாரணைகளை நடத்தியது. முழு விசாரணை தேவையா இல்லையா என்று தீர்மானிக்கும் கட்டம் அது. மூன்றுமே 'தேவையில்லை'. பின்னாளில் 'நேச்சர்' இதழின் செய்திப் பிரிவு (கட்டுரைகளை வெளியிடும் பிரிவிலிருந்து தனியாக இயங்குவது) டயஸின் முன்னாள் மாணவர்களிடம் பேசியது. அந்த மூன்று விசாரணைகளிலும் யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கார்பன்–கந்தகக் கட்டுரையின் காந்த அளவீட்டைத் தாங்கள் எடுக்கவில்லை, எடுத்ததைப் பார்க்கவும் இல்லை, சமர்ப்பிக்கச் சில மணி நேரம் இருக்கும்போதுதான் கைப்பிரதியே கண்ணில் பட்டது என்றார்கள். ஆய்வகத்தில் யார் எந்த நாளில் எந்தக் கருவியில் உட்கார்ந்தார்கள் என்று பிஎச்.டி. மாணவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அவனை விட்டுவிட்டுப் பேராசிரியர் கொடுத்த கோப்பை மட்டும் படித்தால் என்ன வரும்? பேராசிரியர் சொன்னதுதான் வரும்.

நான்காவது விசாரணை ரோசெஸ்டருக்குத் தானாகத் தோன்றியதல்ல. டயஸுக்கு நிதி கொடுத்த அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2023 மார்ச்சில் அழுத்தம் கொடுத்தது. வெளியிலிருந்து மூன்று விஞ்ஞானிகள் வந்தார்கள். ஆய்வகத்துக் கணினிகளின் வன்வட்டுகளைக் கைப்பற்றினார்கள், மாணவர்களிடம் பேசினார்கள், கருவி பதிவுசெய்த எண்களையும் கட்டுரையில் வந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் 124 பக்க அறிக்கை. 'மூலத்தரவு' என்று வெளியிட்டதே வெளியான முடிவிலிருந்து பின்னோக்கிச் செய்யப்பட்டது என்பது அதில் ஒரு முடிவு. அறிக்கை வெளியே வந்த விதம்தான் வேடிக்கை: டயஸ் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டார், வழக்கு ஆவணங்களோடு அதுவும் பொதுவெளிக்கு வந்துவிட்டது. முறைகேடு எதுவும் செய்யவில்லை என்று அவர் மறுத்தே வந்திருக்கிறார். 2024 நவம்பரில் அவர் ரோசெஸ்டரில் இல்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

மாணவர்கள் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். லூட்டீசியம் கட்டுரையின் 11 ஆசிரியர்களில் 8 பேர், டயஸின் மாணவர்களும் அதில் அடக்கம், 2023 செப்டம்பரில் இதழுக்கு நேரடியாக எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். கைடின் கையெழுத்து இல்லாமல் ஒரு படிவம்கூட நகராத வாழ்க்கையில் இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பிஎச்.டி. செய்தவர்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகம் அதற்குச் சற்று முன்பு அவர்களை வேறு வழிகாட்டிகளிடம் மாற்றியிருந்தது. அந்த மாற்றம் நடந்திராவிட்டால் அந்தக் கடிதம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இதோடு எல்கே-99 கதையை ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 ஜூலை 22இல் தென்கொரியக் குழு ஒன்று, செம்பு கலந்த ஈய அபடைட் என்ற பொருள் (அதற்கு வைத்த பெயர்தான் எல்கே-99) அறை வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்திலேயே மீக்கடத்தி என்று அறிவித்தது. ஆகஸ்ட் நடுவில் அந்தக் கூற்று ஏறக்குறைய முடிந்துவிட்டது. மூன்று, மூன்றரை வாரம். காரணம், செய்முறையை வரிவரியாக எழுதியிருந்தார்கள். ஈய ஆக்சைடு, ஈய சல்ஃபேட், செம்பு, பாஸ்பரஸ், ஒரு உலை, 925 டிகிரி. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட உலகெங்கும் சமைத்துப் பார்த்தார்கள், இல்லை என்றார்கள். மின்தடை திடீரென்று விழுந்ததே, அதற்கு என்ன காரணம் என்பதை இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலர் பிரசாந்த் ஜெயின் கண்டார்: அது விழுந்த 104 டிகிரி செல்சியஸ், அசுத்தமாகத் தங்கியிருந்த செம்பு சல்ஃபைடு தன் கட்டமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலை. ஸ்டுட்கார்ட்டில் சுத்தமான படிகத்தையே வளர்த்துப் பார்த்தார்கள், அது மின்காப்பான். கொரியர்கள் தவறினார்கள், ஆனால் எல்லோரும் சரிபார்க்கும்படி தவறினார்கள். அவர்கள் கட்டுரை மதிப்பாய்வுக்குப் போகாமலே இணையத்தில் ஏறியது, டயஸின் கட்டுரைகள் உலகின் கறாரான மதிப்பாய்வைத் தாண்டி வந்தவை. எது சீக்கிரம் திருந்தியது என்று பார்த்தால் 'மதிப்பாய்வு செய்யப்பட்டது' என்ற முத்திரையின் எடை எவ்வளவு என்று தெரியும்.

இப்போது நடக்கும் விவாதம் இதுதான்: முறைகேட்டை விசாரிக்கும் வேலையைப் பல்கலைக்கழகங்களிடமிருந்து எடுத்துவிடலாமா? ஸ்வீடன் எடுத்துவிட்டது. செயற்கை மூச்சுக்குழாய் பொருத்திய அறுவை மருத்துவர் பாவ்லோ மக்கியாரினி விவகாரத்தில், அவர் வேலை பார்த்த கரோலின்ஸ்கா நிறுவனம் 2015இல் அவரை விடுவித்தது, பிறகு தலைகுனிய நேர்ந்தது. 2020 முதல் அங்கே பெரிய முறைகேட்டுப் புகார்களைத் தனி தேசிய வாரியம் விசாரிக்கிறது. அமெரிக்காவில் இன்னும் முதல் பொறுப்பு நிறுவனத்துக்குத்தான். தனி வாரியம் வந்தால் வழக்கறிஞர்கள் புகுந்துவிடுவார்கள், சின்னக் கவனக்குறைவுகூடக் குற்ற வழக்காகிவிடும் என்று எதிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நட்சத்திரப் பேராசிரியரால் நிதியும் பெயரும் பெறும் நிறுவனமே அவருக்கு நீதிபதி என்பதை வேறு எந்தத் தொழிலில் ஒப்புக்கொள்வோம்? வன்வட்டைக் கைப்பற்றுவதும் மாணவரிடம் பேசுவதும் வெளியாட்களிடம் போக வேண்டும் என்பது என் கட்சி. தண்டனையை வேண்டுமானால் பல்கலைக்கழகமே கொடுக்கட்டும்.

இந்தியாவில் அந்த வாரியத்தின் நிழல்கூட இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் எழுத்துத் திருட்டைப் பற்றியவை: 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் பரவாயில்லை, 40 வரை ஒரு நடவடிக்கை, 60 வரை இன்னொன்று. மென்பொருள் '8 சதவீதம்' என்று சான்று கொடுத்துவிட்டால் கைடும் நிம்மதி, மாணவனும் நிம்மதி. டயஸின் ஆய்வேடு வேண்டுமானால் அந்த வலையில் விழுந்திருக்கும். படிக்கட்டு வளைவு விழாது. 2025இல் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் கல்லூரித் தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கத் தொடங்கினார்கள். காசுக்குப் போலிக் கட்டுரை எழுதித் தரும் கட்டுரைத் தொழிற்சாலைகளுக்கு இது கொஞ்சம் உறைக்கும். ஆனால் தானே தவறைக் கண்டு திரும்பப் பெறுகிறவரும் இதே கணக்கில்தான் வருவார். நோபல் பெற்ற ஃபிரான்சிஸ் ஆர்னால்ட் 2020 ஜனவரியில் தன் 'சயின்ஸ்' கட்டுரையை, மறுபடி செய்ய முடியவில்லை, சோதனைக் குறிப்பேட்டில் பதிவுகள் விடுபட்டிருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லித் திரும்பப் பெற்றார். அவர் நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் இருந்திருந்தால், "மேடம், ரேங்க் போயிடும், பேசாம விட்டுடுங்க" என்று முதல்வர் அறையிலிருந்து போன் வந்திருக்கும்.

எந்தக் கட்டுரையை நம்புவது என்றால், இதழின் பெயரைப் பார்ப்பதைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். வேறு குழு, முதல் குழுவிடம் மாதிரியை வாங்காமல், தானே செய்து அதே முடிவைக் கண்டிருக்கிறதா? டயஸின் லூட்டீசியத்தை நான்ஜிங் குழு தனியாகச் செய்து பார்த்து, மீக்கடத்துத்திறன் இல்லை என்று 2023 மே மாதமே 'நேச்சர்' இதழில் எழுதியது. நிறம் மாறுவது மட்டும் அவர்களுக்கும் தெரிந்தது. ஆதரவாக வந்த முக்கிய அளவீடு டயஸ் ஆய்வகம் கொடுத்த மாதிரியில் எடுத்தது. அடுத்து, கழிப்பதற்கு முந்தைய தரவு கேட்காமலே கிடைக்கிறதா? மூன்றாவது, கேட்ட ஆளுக்கு எரிச்சலான பதில் வருகிறதா, எண்கள் வருகிறதா?

பிஎச்.டி. சேரலாமா என்றால், தாராளமாகச் சேருங்கள். உயர் அழுத்த ஹைட்ரைடுகளில் உண்மையான வேலை நிறைய மிச்சமிருக்கிறது, அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்பதே பெரிய கேள்வி. சேருமுன் அந்த ஆய்வகத்து சீனியர் ஒருவரோடு கேண்டீனில் உட்கார்ந்து இரண்டு விஷயம் கேளுங்கள். கருவியிலிருந்து வரும் கோப்பு நேராகப் பொது சர்வருக்குப் போகிறதா, கைடின் லேப்டாப்புக்குப் போகிறதா? கட்டுரையின் ஒவ்வொரு படத்தையும் யார் அளந்தார்கள் என்று அதில் பெயர் போட்டிருக்கும் எல்லோருக்கும் தெரியுமா? கேள்வி கேட்டதும் சீனியர் டீயைப் பார்த்துக்கொண்டு "அதெல்லாம் சார் பாத்துப்பார்" என்றால், விண்ணப்பப் படிவத்தில் இரண்டாவது விருப்பம் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை நிரப்புங்கள்.